ஒன்பதாம் வேகத்தில் ஒரு டோப்பா

"மகாராணி மறுபடியும் பறந்துட்டா," என்றார் டோப்பாக் கடை முதலாளி, கதவைத் திறந்துவிட்ட கையோடு.

"அதை மகாராஜாகிட்டதானே சார் சொல்லணும்? எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். துப்பறியும் அலுவலகம் நடத்துகிற அவளைக் கணவனின் தம்பி வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிடப்போய், வாடிக்கையாளர்கள், போலீஸ்காரர்கள், மாடி வீட்டுக்காரர் என எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். கொழுந்தன் அவளுடைய உதவியாளன். உட்கார்ந்த வேலை எதிலும் நிலைக்காதவன். முப்பது வயதுக்குள் தலைமுடி அவனைக் கைவிட்டுவிட்டது. வாய் மட்டும் கைவிடவில்லை. வழுக்கையோடு ஒருவன் டோப்பாக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கு உச்சி குளிர வேண்டும். இந்த முதலாளிக்கு அன்றைக்கு அதற்குக்கூட மனசு இல்லை.

"வாங்க, காட்டறேன்," என்று முன்னால் நடந்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து ஜல் ஜல் என்றது. அவர் கடையில் எந்த மூலையில் இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

கடை முழுக்கத் தலைகள். மரத்தலை, துணித்தலை, மூக்கு மட்டும் உள்ள தலை, அதுவும் இல்லாத தலை. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வட்டத் தட்டு ஒன்றில் ஒரு மரத்தலை நின்றது. அதன்மேல் இடுப்பு வரை தொங்கும் கருகருவென்ற கூந்தல். அந்த டோப்பாவுக்குத்தான் மகாராணி என்று பெயர். தட்டுக்கு அடியில் ஒரு மோட்டார். அதிலிருந்து ஒரு யூஎஸ்பி ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னறைக் கம்ப்யூட்டருக்குப் போனது.

"மெதுவா சுத்தணும். தெருவுல போறவங்க நின்னு பார்க்கணும். அதுக்குத்தான் வெச்சது," என்றார் முதலாளி. "திடீர்னு பேய் பிடிச்ச மாதிரி சுத்துது. டோப்பா பறந்துடுது. முதல் தடவை தபால்காரர் மூஞ்சியில விழுந்துச்சு. அப்புறம் ஒரு வாடிக்கையாளரோட டீயில. இன்னிக்குக் காலையில வாசல் வழியா வெளியில போய் விழ, நாய் கவ்விட்டு ஓடிடுச்சு. ரெண்டு தெரு துரத்திப் பிடிச்சேன்."

"நாய்க்குப் பொருத்தமா இருந்துச்சா?"

"தம்பி," என்றாள் அண்ணி. கொழுந்தன் வாயை மூடினான். அதிக நேரம் தாங்காது என்பது இருவருக்குமே தெரியும்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டாள் அண்ணி.

"சந்தேகம் எதுக்கு? நிச்சயமாவே தெரியும். இதை மாட்டிக் கொடுத்த இன்ஜினீயர். என் பொண்ணைக் கட்டிக்கணும்னு வந்து நிக்கற ஆளு. அந்த ஆளு கம்ப்யூட்டர்ல கையை வெச்சுட்டு எழுந்தா, அடுத்த அரை மணியில மகாராணி பறக்குது. ஒரு தடவைகூடத் தப்பலை. அஞ்சு மணிக்கு அவனோட அம்மா கல்யாணம் பேச வர்றாங்க. உங்க பையனைப் பத்தி ஒரு விஷயம் இருக்குன்னு போன்ல கோடி காட்டிட்டேன். நீங்க ஆதாரத்தைக் கொடுத்தா, அந்தம்மா முன்னாடி வெச்சு, சம்பந்தமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு அனுப்பிடுவேன்."

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலைத் துணியில் ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்தாள்.

"அவர் அப்படிச் செய்யற ஆளே இல்லை அண்ணி. நான் சொன்னா எங்க அப்பா நம்ப மாட்டேங்கறார். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அவர்தான் பண்ணினார்னு நீங்க சொல்லிட்டா, நானே கல்யாணத்தை நிறுத்திக்கறேன்."

சொல்லிவிட்டு ஊசியைக் குத்தினாள். குரல் திடமாக இருந்தது. முடி மட்டும் கோணலாகக் கோத்துக்கொண்டது. அதைப் பிரித்து மறுபடியும் குத்தினாள். பெற்ற தகப்பன் ஒரு பக்கம், மனசுக்குப் பிடித்தவன் ஒரு பக்கம் என்று ஒரு பெண்ணை நிறுத்திவைப்பது எத்தனை பெரிய அநியாயம் என்று இந்த அப்பாக்களுக்கு எப்போதுமே உறைப்பதில்லை.

பின்னறையில் இன்ஜினீயர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். தப்புச் செய்யாதவர்களுக்கே உரிய திருட்டு முழி.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு எங்க தம்பிக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் அண்ணி. "அவனுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும்."

இன்ஜினீயர் தொண்டையைச் செருமினார். "ஒரு பெரிய அதிகாரி ரூம்னு வெச்சுக்குங்க. கம்ப்யூட்டர்ல சொருகற சாமான் எல்லாத்தையும் ஆட்டி வைக்கறது அந்த அதிகாரிதான். வெளியில இருக்கற சாதாரண புரோகிராம் எதுவும் அந்த ரூமுக்குள்ள நுழைய முடியாது. அதனால வாசல்ல ஒரு பெட்டி வெச்சிருக்கோம். துண்டுச்சீட்டு எழுதி அதுல போட்டா, உள்ளே காரியம் நடந்துடும்."

"நல்ல ஆபீசா இருக்கே. நம்ம ஊர்ல இல்லையே," என்றான் கொழுந்தன்.

"இதோ, இதுதான் அந்தப் பெட்டி." இன்ஜினீயர் திரையில் 'கடை' என்ற கோப்புறையைத் திறந்தார். டோப்பாப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. வரிசையில் கடைசியாக 'மோட்டார்' என்று ஒரு கோப்பு. "பார்க்கறதுக்கு மத்த கோப்பு மாதிரிதான் இருக்கும். ஆனா இது முகப்புல இருக்கற மோட்டார். இதுல 0ன்னு எழுதினா நிக்கும். 1ன்னு எழுதினா மெதுவா சுத்தும். 9ன்னு எழுதினா..."

"மகாராணி கிளம்பிடுவாங்க."

"ஆமா."

"அப்ப 'தலை'ன்னு ஒரு கோப்பு ஆரம்பிச்சு, அதுல 'முடி'ன்னு எழுதினா எனக்கு முளைக்குமா?"

இன்ஜினீயர் அதையும் நிஜமாகவே யோசித்தார். "அதுக்கு உங்க தலையில யூஎஸ்பி ஓட்டை இருக்கணும்."

"ஓட்டை இருக்கு. ஒயர்தான் இல்லை," என்றாள் அண்ணி. "அது சரி, டோப்பாக் கடைக்கு எதுக்கு 9?"

"முதல் நாள் மாட்டினப்போ சோதனைக்காக வெச்சேன். தட்டு தாங்குதான்னு பார்க்க வெறும் மரத்தலையை வெச்சு 9ல ஓட்டினேன். மாமா பக்கத்துலயே நின்னு பார்த்தார். பிரமாதம்னு சொன்னார். அவர் என்னைப் பாராட்டினது அதான் கடைசி. அவர் பொண்ணு கல்யாணப் பேச்சை எடுத்ததும் எல்லாம் போச்சு."

"இப்போ?"

"எப்போ வந்து பார்த்தாலும் இதுல 9ன்னு எழுதியிருக்கு. நான் 1ன்னு மாத்திட்டுப் போறேன். போன கையோட மறுபடியும் 9. வெளியில இருந்து எவனாவது நுழையறானோன்னு இன்டர்நெட் ஒயரையே பிடுங்கிப் போட்டுட்டேன். அப்புறமும்தான் பறந்துச்சு."

"இதுல வேற யாரு கை வைப்பாங்க?"

"மாமா பொண்ணு வைப்பாங்க. டோப்பாப் படம் ஏத்த."

"நான் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன்," என்று வாசலில் இருந்து குரல் வந்தது. ஜல் ஜல் என்று முதலாளி உள்ளே வந்து, இன்ஜினீயர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, ஜல் ஜல் என்று திரும்பிப் போனார்.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு இவர் ஒருத்தர்தான். காதல், கோபம், மாமனார். இதுக்குமேல என்ன வேணும்?"

"மாமனார் மனசுல இடம் பிடிக்க நினைக்கறவன் அவர் கடை டோப்பாவை நாய்க்குப் போடுவானா?"

அந்த நேரத்தில் மகள் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். திரையைப் பார்த்ததும் தட்டை டக்கென்று மேஜையில் வைத்தாள்.

"இது மறுபடியும் வந்துடுச்சா?"

படங்களுக்கு நடுவில் ஒன்று. ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. முன்பல் இரண்டையும் காணோம். முழங்கால் வரை தொங்கும் டோப்பாவை மாட்டிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தது.

"நான்தான்," என்றாள் மகள், கடுப்போடு. "கடை திறந்த புதுசுல விளம்பரத்துக்கு எங்கப்பா எடுத்தது. வர்றவங்களுக்குத் திரையில டோப்பாவைக் காட்டும்போது நடுவுல இது வந்து என் மானத்தை வாங்குது. எத்தனை தடவை அழிக்கறது? அழிச்சாலும் திரும்ப வந்து உட்கார்ந்துக்குது."

"பல்லு வந்தாதான் போவேன்னு அடம் பிடிக்குது போல," என்றான் கொழுந்தன்.

அண்ணி சிரிக்கவில்லை. "எப்பெல்லாம் திரும்ப வருது?"

மகள் யோசித்தாள். "கவனிச்சதில்லை. ஆனா மகாராணி பறந்து களேபரம் ஆன அன்னிக்கெல்லாம் இதைப் பார்த்து எரிச்சல்பட்ட ஞாபகம் இருக்கு."

அண்ணி கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கொழுந்தனுக்குத் தெரியும். யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டார்.

"இங்க யாரும் புதுசா ஒண்ணும் செய்யலை தம்பி. பகையாளியா இருந்தா புதுசா ஏதாவது கெடுப்பான். அழிச்ச போட்டோ திரும்ப வருது. முதல் நாள் ஓட்டின 9 திரும்ப வருது. எல்லாம் பழசு."

"புரியலை அண்ணி."

"புரியாம இருக்கறதுதான் உன் உத்தியோகம். அதை ஒழுங்கா செய்."

பிறகு அவள் இன்ஜினீயரிடம் மூன்று காரியங்கள் சொன்னாள். மோட்டார் கோப்பில் 1 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல்லில்லாத படத்தை அழிக்க வேண்டும். அப்புறம் கொஞ்ச நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைச் சத்தமாகச் சாத்திக்கொண்டு முன்னால் வர வேண்டும்.

இன்ஜினீயர் அப்படியே செய்தார். எல்லாரும் முன்கடையில் கூடினார்கள். "வேலையை முடிச்சுட்டேன் மாமா," என்று அண்ணி சொல்லிக்கொடுத்தபடி உரக்கச் சொன்னார். அண்ணி அவரை மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொன்னாள். மேஜைக்கு அடியில் கால்கள் என்ன செய்தன என்பதை அவள் கண்டுகொள்ளவில்லை.

முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு டோப்பாவை எடுத்தார், வைத்தார். சீப்பை எடுத்தார், வைத்தார்.

"உள்ளே ஃபேன் ஓடுது. அணைச்சுட்டு வந்துடறேன்," என்று எழுந்து ஜல் ஜல் என்று போனார். சற்று நேரத்தில் திரும்பிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கடமை முடித்த நிம்மதி.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். "தம்பி, மகாராணிக்கு எதிர்ல போய் நில்லு."

"எதுக்கு?"

"உனக்கு எடுப்பா இருக்கும்னு தோணுது."

அவன் முனகிக்கொண்டே போய் நின்றான். மகாராணி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி முதலாளி பக்கம் திரும்பி, ஊர்க்கதை பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் சார். வாங்க வர்றவங்க டோப்பாவைத் தலையில வெச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு கொடுத்துடறாங்க. அதை என்ன பண்ணுவீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் முதலாளியின் முகம் மலர்ந்தது. "உடனே அச்சுல போட்டுடுவேன். இந்த மரத்தலைக்கு அச்சுன்னு பேரு. வேற தலை பட்டா டோப்பா வடிவம் மாறிடும். நனைச்சு, அச்சுல மாட்டி, குண்டூசி குத்தி வெச்சுட்டா பழைய வடிவத்துக்கு வந்துடும். சோம்பேறிங்க அப்படியே பெட்டியில போட்டுடுவாங்க. என்கிட்ட அது நடக்காது. இந்தக் கடையில அடுத்தவங்க கை பட்ட எதையும் அச்சுல போடாம விடமாட்டேன்."

"எதையுமா?"

"எதையும்," என்றார் முதலாளி பெருமையாக.

முகப்பில் விர்ரென்று சத்தம் கேட்டது. தட்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. கூந்தல் குடையாக விரிந்தது. கொழுந்தன் "அண்ணி" என்று முக்கால்வாசி சொல்லி முடிப்பதற்குள் மகாராணி பறந்துவந்து அவன் மண்டையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா?" முதலாளி துள்ளி எழுந்தார். "அந்த ஆளு கையை வெச்சான், பறந்துச்சு. இதுக்குமேல என்ன ஆதாரம் வேணும்?"

"அவர் ஒண்ணுமே பண்ணலை சார். நாற்காலியைத் தேச்சுட்டு வந்தார், அவ்வளவுதான். இப்போ நீங்க துள்ளினீங்களே, சத்தமே வரலையே? உங்க சாவிக்கொத்து எங்கே?"

முதலாளி இடுப்பைத் தடவினார். இடுப்பில் ஒன்றும் இல்லை.

எல்லாரும் பின்னறைக்குப் போனார்கள். சாவிக்கொத்து கம்ப்யூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தில் கோத்திருந்த பென்டிரைவ் ஒன்று யூஎஸ்பி ஓட்டையில் சொருகியிருந்தது. அதன் முனையில் சின்ன விளக்கு மினுக்கியது. திரையில் பல்லில்லாத குழந்தை மறுபடியும் வந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன்னீங்களே?" என்றாள் அண்ணி.

"தொடலையே. பென்டிரைவைத்தானே தொட்டேன்," என்றார் முதலாளி. பொய் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நம்பினார்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மோட்டார் மாட்டிய முதல் நாள், எல்லாம் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், கோப்புறை மொத்தத்தையும் பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த ஒரே கம்ப்யூட்டர் வித்தை அதுதான். அதற்கப்புறம் இன்ஜினீயர் எப்போது கை வைத்தாலும், எதையாவது கெடுத்துவைத்திருப்பான் என்று, அந்த முதல் நாள் நகலைக் கொண்டுவந்து பழையபடி மேலே போட்டுவிடுவார்.

"அதான் என் அச்சு," என்றார். "அன்னிக்கு எல்லாம் நல்லா இருந்துச்சே."

இன்ஜினீயர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அன்னிக்கு 9ல ஓடிட்டிருந்துச்சு மாமா. பென்டிரைவுக்குள்ள அது சும்மா ஒரு எண்ணு. திரும்ப இங்க வந்து விழும்போது, அதிகாரி பெட்டியில போட்ட சீட்டு மாதிரி. மோட்டாருக்கு அது உத்தரவு."

"அத்தனை படமும் போய் முடிஞ்சு, கடைசியிலதான் மோட்டார் வருது," என்றாள் அண்ணி. "அதுக்குள்ள சார் முன்னாடி வந்து நல்ல பிள்ளையா உட்கார்ந்துடுவார். பறந்ததும் என்னாச்சுன்னு பார்க்கற மாதிரி ஓடிவந்து சாவிக்கொத்தைக் கழட்டிக்குவார்."

"அதாவது சந்தேகப்பட்டீங்க, அச்சுல போட்டீங்க, பறந்துச்சு. பறந்ததால இன்னும் சந்தேகப்பட்டீங்க, இன்னும் அச்சுல போட்டீங்க," என்றான் கொழுந்தன். இடுப்பு வரை தொங்கிய கூந்தலை முகத்திலிருந்து ஒதுக்கிவிட்டுக்கொண்டான். "குற்றவாளியே போன் பண்ணி, வந்து என்னைக் கண்டுபிடிங்கன்னு எங்களைக் கூப்பிட்டது இதான் முதல் தடவை சார்."

யாரும் சிரிக்கவில்லை. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக் கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

"அவர் கை பட்டதை எல்லாம் பழையபடி மாத்தி வெச்சுட்டே இருந்தீங்களாப்பா?"

முதலாளி தலையை ஆட்டினார்.

"என்னை என்ன பண்ணப் போறீங்க?" திரையில் சிரித்த குழந்தையைக் காட்டினாள். "நான் திரும்ப இப்படி ஆக முடியாதுப்பா. ஆகணும்னு எனக்கு ஆசையும் இல்லை. ஆனா உங்க பொண்ணா இல்லாம எங்கேயும் போயிட மாட்டேன்."

முதலாளி திரையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.  பென்டிரைவைப் பிடுங்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வாசலில் மணி அடித்தது. எல்லாரும் முன்கடைக்கு வந்தார்கள்.

இன்ஜினீயரின் அம்மா உள்ளே வந்தார். கையில் குடை, தோளில் கைப்பை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தலைவிரி கோலமாக நின்ற கொழுந்தனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போனார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்றார் முதலாளியிடம். "என் பையனைப் பத்தி ஏதோ விஷயம் இருக்குன்னு போன்ல மொட்டையா சொல்லி வெச்சுட்டீங்க. என்ன பண்ணிட்டான் அவன்?"

இன்ஜினீயர் தரையைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.  ஆதாரம் இப்போது முதலாளியின் கையில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அந்த அம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது?

"உங்க பையன் ஒண்ணும் பண்ணலை, சம்பந்தியம்மா," என்றார் முதலாளி.

மகளின் கை இன்ஜினீயரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாம் நான் பண்ணினது. என் பொண்ணை அனுப்ப மனசு வரலை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியலை. அதான் உங்க பையன் மேல குத்தம் கண்டுபிடிக்க ஆள் வெச்சேன். தங்கமான பையன். நீங்க என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். துடைத்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல், பக்கத்தில் தொங்கிய மகாராணியின் நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொழுந்தன் அசையாமல் தலையைக் கொடுத்தான். அவன் வாழ்நாளில் வாய் திறக்காமல் செய்த ஒரே உதவி அது.

அந்த அம்மா குடையை மேஜைமேல் வைத்தார். கைப்பையை வைத்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நிறுத்தத்தான் நான் வந்தேன்," என்றார். "எனக்கும் இவன் ஒருத்தன்தான். இவனை விட்டுக் கொடுக்க எனக்கு மட்டும் மனசு வருதா? பழியைத் தூக்கி உங்க மேல போடறதுக்கு என்ன காரணம் சொல்லலாம்னு பஸ்ஸுல வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். நீங்க முந்திக்கிட்டு இப்படி ஒத்துக்கிட்டு நின்னா, நான் என்ன செய்யறது?"

 அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்து நாற்காலியை முதலாளி பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க. அழறதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுக்கலாம். தேதியை அவங்க ரெண்டு பேரையும் குறிக்கச் சொல்லுங்க."